ஆக்சிமீட்டரில் 98, வீட்டில் எல்லோருக்கும் தலைவலி

ஒருவருக்குத் தலைவலி வந்தால் மாத்திரை. எல்லோருக்கும் ஒன்றாக வந்தால் முதலில் வெளியே போ, அப்புறம் யோசி. எங்கள் வீட்டில் இப்போது இதுதான் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட வைத்தது ஒரு குளிர்காலம்.

அந்தக் குளிருக்கு முன்னால் ஜன்னல்களை எல்லாம் மாற்றியிருந்தோம். பழைய மரச் சட்டங்களில் விரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு இருக்கும். புதியவற்றில் ஓரமெல்லாம் ரப்பர் கொடுத்து, காற்றுப் புகாமல் அடைத்துத் தந்தார்கள். வீடு கதகதப்பாக இருந்தது, தெருச் சத்தம் குறைந்தது, எல்லோருக்கும் திருப்தி. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் கேஸ் கீசர். அதன் புகைக்குழாய் சுவரோரமாக ஏறிக் கூரைக்கு வெளியே போகும். கீசர் எப்போதும்போல நீலமாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதையும் ஜன்னலையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் காரணம் இல்லை.

முதலில் அத்தைக்குத்தான், அதாவது என் கணவரின் அம்மாவுக்குத்தான், தொடங்கியது. நெற்றியைச் சுற்றி வார் போட்டு இறுக்கியது போன்ற வலி. கூடவே குமட்டல், எழுந்து நின்றால் ஒரு தள்ளாட்டம். வயதாகிறது, ரத்த அழுத்தமாக இருக்கும் என்றோம். அப்புறம் பையன். காலையில் எழுந்ததும் வாந்தி வருவது போல இருக்கிறது என்பான். பள்ளிக்குப் போன கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். நடிக்கிறான் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அலுவலகத்தில் ஒன்றும் இருக்காது. வீடு திரும்பி, சமைத்து, குளித்து முடிப்பதற்குள் தலை கனக்கும். வேலைச் சோர்வு. என் கணவர் பெரும்பாலும் இரவு வேலைக்குப் போகிறவர். அவருக்கு எப்போதாவது லேசாக வலிக்கும், அதற்குத் தூக்கமின்மை என்று பெயர்.

எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அது இப்படித்தான் தப்பித்துக்கொள்கிறது. விஷம் ஒன்றுதான், ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் வயதுக்கும் வேலைக்கும் ஏற்ப அதற்கு ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அறிகுறிகளைத் தனித்தனியாக எடுத்தால் எதுவுமே விசேஷமில்லை: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி, கவனம் சிதறுவது, சிலருக்கு நெஞ்சுவலி, படபடப்பு. எந்த மருத்துவரும் இதைக் கேட்டதும் ஃப்ளூ என்றுதான் முதலில் நினைப்பார். எங்களைப் பார்த்த மருத்துவரும் வெப்பம் பார்த்தார், காய்ச்சல் இல்லை. தொண்டை பார்த்தார், சுத்தம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார், 98. "வைரஸ்தான் சுத்திக்கிட்டிருக்கு, தானா போயிடும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது வெளிக்காற்றில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போனோம். தலைவலி பாதி குறைந்திருந்தது. ஆக்சிமீட்டர் ஏன் 98 காட்டியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கண்டுபிடித்தது என் அக்கா. ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். வேறு ஏதோ பேச ஒரு மாலை போன் செய்தவள், என் குரலைக் கேட்டு என்ன என்றாள். சொன்னேன்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லைக்கா."

"மூக்கு ஒழுகுதா? தொண்டை வலி, இருமல்?"

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லை."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான். அவருக்கு மட்டும் கம்மி."

"அவர் வீட்ல இருக்கறதே கம்மிதானே. வெளியே போனா எப்படி இருக்கு உனக்கு?"

"சரியாயிடுது."

கொஞ்சம் இடைவெளி விட்டு, "அங்கே கேஸ்ல எரியற கீசர்தானே இருக்கு? போனை வைக்காதே. கீசர் கைக்கெட்டற தூரத்துல இருந்தா அணை, இல்லேன்னா விடு. அத்தையையும் பையனையும் கூட்டிக்கிட்டு வாசலுக்கு வெளியே போ. செருப்பெல்லாம் அப்புறம்" என்றாள்.

அவள் கேட்ட கேள்விகளைத்தான் யார் வேண்டுமானாலும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே வலிக்கிறது என்பது அவளுக்கு முக்கியமாகவே படவில்லை. யார் யாருக்கு, எந்த இடத்தில் இருக்கும்போது, எங்கே போனால் போகிறது என்றுதான் கேட்டாள். வீட்டில் அதிக நேரம் இருப்பவருக்கு அதிகம், குறைவாக இருப்பவருக்குக் குறைவு, வெளியே போனால் குறைகிறது, காய்ச்சல் கிடையாது. இந்த நான்கும் சேர்ந்தால் உடம்பை விட்டுவிட்டு வீட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார், இரண்டு அடி வைத்தார், முழங்கால் மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் இல்லை. கண் திறந்திருக்கிறது, பேச்சு தெளிவு. "மனசு வான்னுதும்மா, கால் வரலை" என்றார். பையனும் நானும் இரு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். எனக்கும் படியிறங்கும்போது கால் பஞ்சாக இருந்தது.

இந்தக் கால் விஷயம் தற்செயல் அல்ல. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் 1895-ல் இந்த வாயுவைத் தானே சுவாசித்து, அவ்வப்போது தன் ரத்தத்தையும் சோதித்து, நடப்பதைக் குறித்துக்கொண்டு வந்தார். ரத்தத்தில் அளவு ஏற ஏற அவரால் ஒழுங்காக நடக்க முடியாமல் போனது. சுரங்கத்துக்குள் சிறு பிராணிகளை எடுத்துப் போகச் சொன்னவரும் அவர்தான். அவை வேகமாக மூச்சு விடுவதால் மனிதருக்கு முன்னால் விழுந்துவிடும். பிரிட்டன் சுரங்கங்களில் கேனரிப் பறவைகள் 1986 வரை இந்த வேலையில் இருந்தன. வீட்டில் நாயோ பூனையோ இருந்து, அது காரணமில்லாமல் சுருண்டு கிடந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அப்போது எதுவும் இல்லை.

ஆபத்து தெரிந்தால் எழுந்து போய்விடலாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் அது நடக்காது. யோசிக்க வேண்டிய மூளையையும் நடக்க வேண்டிய காலையும்தான் அது முதலில் பிடிக்கிறது. தூக்கத்திலோ குளியலறையிலோ இறந்துபோகிறவர்கள் பலர் கதவுக்கு மிக அருகில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே அக்கா ஒன்றைச் சொல்லியிருந்தாள்: தலைவலி என்று சொல்லிக்கொண்டு போகாதே, மூடிய வீட்டில் கேஸ் கீசர் ஓடியது, வீட்டில் எல்லோருக்கும் ஒரே தொந்தரவு, கார்பன் மோனாக்சைடா என்று பாருங்கள் என்று சொல். எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம், எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்பதையும் சொல். அப்படியே சொன்னேன். உடனே ரத்தம் எடுத்தார்கள். அங்கேயும் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். அத்தைக்கு மறுபடி 98. இந்த முறை அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

காரணம் இது. ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ரத்தத்தின் ஹீமோகுளோபின். அதோடு ஆக்ஸிஜன் ஒட்டுவதைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஆக்ஸிஜனுக்கு இடமில்லை. அதோடு நிற்பதில்லை; மிச்சமிருக்கும் இடத்தில் ஏறிய ஆக்ஸிஜனையும் திசுக்களில் இறங்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ள ஹீமோகுளோபினைத் தூண்டுகிறது. ஆக மூளையும் இதயமும் பட்டினி. ஆனால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் நல்ல சிவப்பு. விரலில் மாட்டுகிற சாதாரண ஆக்சிமீட்டர் ஒளியை வைத்து அளப்பதால், அதையும் ஆக்ஸிஜன் என்றே எண்ணிவிடும். ரத்தம் எடுத்து, கோ-ஆக்சிமீட்டர் என்ற வேறு கருவியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினின் பங்கு புகைபிடிக்காதவர்களுக்கு 3 சதவீதத்துக்குள் இருக்கும், புகைபிடிப்பவர்களுக்கு 10 வரை போகலாம். அத்தைக்கு 24, பையனுக்கு 13, எனக்கு 11.

அந்த எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். வெளியே வந்த கணத்திலிருந்தே அது இறங்கத் தொடங்கிவிடுகிறது. சாதாரணக் காற்றில் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம். முகத்தில் இறுக்கமான மாஸ்க் வைத்து 100 சதவீத ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். அதனால் தாமதமாக ரத்தம் எடுத்து எண் குறைவாக வந்தால் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. எங்கள் மூவருக்கும் அடியில் பை தொங்குகிற மாஸ்க்கைப் போட்டு ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். பையன் அந்தப் பை உப்பிச் சுருங்குவதைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அத்தைக்கு மட்டும் ஈசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று பார்க்க டிரோபோனின் சோதனையும். அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்ஸிஜன் கொடுக்கும் சிகிச்சையும் உண்டு. அதில் பாதியாகக் குறைய 20 நிமிடம் போல ஆகும். நினைவு தவறியவர்கள், கர்ப்பிணிகள், இதயம் பாதிக்கப்பட்டவர்கள் போன்றவர்களுக்கு அதை யோசிப்பார்கள். அதனால் எவ்வளவு பயன் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. எங்களுக்குத் தேவைப்படவில்லை.

தோல் செர்ரிப் பழம் போலச் சிவக்கும் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். உயிரோடு இருப்பவர்களிடம் அது அபூர்வம். எங்கள் மூவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

கீசரைப் பார்க்க வந்த மெக்கானிக்கை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் கருவியை எடுப்பதற்கு முன்னால் ஒரு டிஷ்யூ காகிதத்திலிருந்து மெல்லிய பட்டை ஒன்றைக் கிழித்தார். எல்லா ஜன்னல்களையும் மூடச் சொல்லி, கீசரைப் போட்டு, புகை மேலே போகிற வாயருகே அந்தப் பட்டையைப் பிடித்தார். அது உள்பக்கமாகச் சாய்ந்தது. சரி, குழாய் இழுக்கிறது. பிறகு என்னிடம், "சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கம்மா" என்றார். போட்டேன். பட்டை கொஞ்சம் தயங்கி, நிமிர்ந்து, அப்புறம் அறைப் பக்கமாகப் படபடத்தது. குழாய் வழியே மேலே போக வேண்டிய புகை முழுவதும் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். முன்பு ஜன்னல் இடுக்குகள் வழியே வந்தது. அவற்றை அடைத்ததும் மிச்சமிருந்த ஒரே வழி புகைக்குழாய். நான் மாலையில் வந்து சமைக்கும்போது ஃபேன் ஓடும், அதே நேரத்தில் குளிக்க கீசர் ஓடும். எனக்கு ஏன் அந்த நேரத்தில் தலை கனத்தது என்பதற்கு அந்தக் காகிதப் பட்டை பதில் சொல்லிவிட்டது. காலையில் பையன் குளிக்கும்போதும் அதே கதைதான். புகை திரும்பி வந்தால் அறையில் ஆக்ஸிஜன் குறையும். குறைந்தால் எரிவாயு அரைகுறையாக எரியும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு இன்னும் கூடும். ஒன்று மற்றொன்றை வளர்த்துவிடும்.

சுவாலை நீலமாக இருந்தால் பயமில்லை என்பது பாதிதான் உண்மை. மஞ்சளாக, சோம்பலாக எரிவது, சுற்றிக் கரி படிவது, பர்னரைப் பற்றவைக்கும் சின்னப் பைலட் சுடர் அடிக்கடி அணைவது எல்லாம் எச்சரிக்கைகள்தான். ஆனால் அவை இல்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஓர் அடையாளம்: புதிய ஜன்னல் கண்ணாடிகளில் மாலையானால் நீர் வழிந்தது. எரிவாயு எரிந்தால் நீராவியும் வரும். அது வெளியே போகவில்லை என்றால் கூட வரும் மற்றதும் போகவில்லை என்று அர்த்தம். நாங்கள் ஜன்னல் போட்டவர்களுக்குப் போன் செய்து கண்ணாடி சரியில்லை என்று புகார் சொன்னோம்.

கீசர் மட்டும்தான் என்றில்லை. எரிகிற எதுவும் இதை உண்டாக்கும். குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசர் இவற்றில் மிக மோசமானது என்பது என் அபிப்பிராயம்: சின்ன அறை, தாழிட்ட கதவு, தனியாக ஓர் ஆள். கீசர் வெளியே இருக்க வேண்டும், அதன் புகை கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும்; இதில் பேரம் கிடையாது. குளிர்காயக் கரி அடுப்பை அறைக்குள் வைப்பது அடுத்தது. கரி புகைவதில்லை என்பதால் பாதுகாப்பு என்று தோன்றும், உண்மையில் சாம்பல் மூடிக் கனன்றுகொண்டிருக்கும் கரிதான் மணிக்கணக்கில் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டரை வீட்டுக்குள், பால்கனியில், ஜன்னலடியில் வைக்கவே கூடாது. குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். காரை ஷெட்டுக்குள் ஓடவிட்டுச் சூடாக்குவது, ஷட்டர் திறந்திருந்தாலும் சரி, கூடாது. கொஞ்சம் வினோதமான ஒன்றும் உண்டு: சில பெயின்ட் நீக்கிகளில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு ஆவியைச் சுவாசித்தால், உடம்பே அதைக் கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும்.

மூக்கை நம்ப வேண்டாம். சமையல் எரிவாயு கசிந்தால் நாறுவது, அதில் எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலந்திருப்பதால். எரிந்த பிறகு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையை உறுத்துவதுகூட இல்லை. ஈரத்துணி, சாதாரண மாஸ்க், அறைக்குள் செடி, ஏர் பியூரிஃபயர், எதுவும் இதைத் தடுக்காது. யாராவது உள்ளே விழுந்து கிடந்தால் கதவு ஜன்னல்களைத் திறந்து, ஒரே மூச்சில் இழுத்து வெளியே கொண்டுவர முடிந்தால் மட்டும் உள்ளே போங்கள். முடியாது என்றால் வெளியே நின்று அவசர உதவியை அழையுங்கள். காப்பாற்றப் போனவரும் பக்கத்திலேயே விழுவது அடிக்கடி நடக்கிறது. வெளியே கொண்டுவந்த பின் மூச்சில்லை என்றால் உடனே சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி உயிரூட்டும் முதலுதவி.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கணக்கே வேறு. கருவின் ஹீமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், விடுவதற்கும் அதிக நேரம் எடுக்கும். தாய்க்கு லேசான தலைவலிதான் என்றாலும் மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பியதும் முடிந்தது என்று நினைத்தோம். மருத்துவர் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்: நன்றாகத் தேறியவர்களில் சிலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ மறதி, குழப்பம், நடையில் மாற்றம், சுபாவ மாற்றம் வரலாம், கவனியுங்கள் என்று. அத்தை தினமும் பேனாவில் குறுக்கெழுத்துப் போடுகிறவர். அடித்தல் திருத்தல் இருக்காது. மூன்று வாரம் போல ஆனபோது கட்டத்தைப் பார்த்தேன். ஐந்தெழுத்துச் சொல்லை நான்கு கட்டத்தில் நெருக்கி எழுதி, கடைசி எழுத்தைக் கறுப்புக் கட்டத்தின் மேலேயே எழுதியிருந்தார். கேட்டதற்கு எரிச்சலோடு, "சரியாத்தானே இருக்கு" என்றார். அத்தை எரிச்சல்படுகிறவரே அல்ல. அப்புறம் அலமாரி முன்னால் சாவியோடு நின்று, எதற்கு வந்தேன் என்று என்னைக் கேட்பது. சொன்னதையே அரை மணி நேரத்தில் திரும்பச் சொல்வது. நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இந்தப் பின்விளைவுக்குத் தனி மருந்து என்று ஒன்றில்லை. பயிற்சி, தூக்கம், காத்திருப்பு. பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் சரியாகும் என்றார், அத்தைக்கும் அப்படித்தான் ஆனது. இன்னும் சில பெயர்கள் மட்டும் நழுவுகின்றன. குறுக்கெழுத்துக்குப் பென்சில் பிடித்திருக்கிறார். வெளியே வந்ததும் குணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், இரண்டு மாதமாவது கூட இருப்பவர்கள் கண்ணை வைத்திருங்கள் என்கிறேன். பாதிக்கப்பட்டவருக்குத் தன் மறதி தெரியாது.

இப்போது கீசர் அறைக்கு வெளியிலிருந்து காற்று வர நிரந்தரத் துவாரம் போட்டாயிற்று, வருடத்துக்கு ஒருமுறை குழாயும் பர்னரும் சுத்தமாகின்றன. படுக்கையறைகளுக்கு வெளியே ஓர் அலாரமும் உண்டு. அலாரம் பற்றி இரண்டு விஷயம். சமையல் எரிவாயுக் கசிவு அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, அது வேறு கருவி. அடுத்து, அலாரம் அடிக்கவில்லை என்றால் காற்று சுத்தம் என்றும் பொருளில்லை. ஐரோப்பியத் தரப்படி 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்தான் அது அடிக்க வேண்டும், 300 பிபிஎம் இருந்தால் 3 நிமிடத்துக்குள். உடனடி மரணத்தைத் தடுப்பதற்கான கணக்கு அது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு நாள் சராசரிக்குச் சொன்ன வரம்போ கன மீட்டருக்கு 4 மில்லிகிராம், ஏறக்குறைய 3.5 பிபிஎம். அதனால் எண் காட்டும் திரை உள்ள அலாரமாக வாங்குங்கள்; குறைந்த அளவில் நாள் முழுக்க நிற்பதையும் கண்ணால் பார்க்கலாம். உள்ளே இருக்கும் உணரிக்கு ஆயுள் உண்டு, பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. முடிவுத் தேதி முதுகில் இருக்கும். எப்போதாவது ஒரு முறை கீச்சிடுவது பேட்டரிக்காகவோ ஆயுள் முடிந்ததற்காகவோ இருக்கும். விடாமல் அலறினால், யாருக்கும் ஒன்றும் செய்யவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்காமல் எல்லோரும் வெளியே.

எங்கள் வீட்டில் எல்லாம் மின்சாரம், எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தனி வீடு, எரிவது எதுவுமில்லை, ஒட்டிய கார் ஷெட்டும் இல்லை என்றால் தேவை குறைவுதான். அடுக்குமாடி என்றால் அப்படிச் சொல்ல முடியாது. இந்த வாயு பொதுக் குழாய்ப் பாதைகள் வழியாக வரும், ஜிப்சம் பலகைச் சுவரையே ஊடுருவிக்கூட வரும். கீழ்வீட்டுக்காரரின் ஜெனரேட்டர் உங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு அடியில் ஓடினால், உங்களிடம் கேஸ் இணைப்பு இல்லை என்பது அந்த இரவில் எந்த வித்தியாசத்தையும் உண்டாக்காது.